விரலா, வயரா

ராமநாதபுரத்தில் மனநல டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தபோது பக்கத்தில் அவர் இருந்தார். மண்டபத்து மீனவர். காய்ப்பேறிய கைகள் மடியில் அசையாமல் கிடந்தன. கண்கள் மட்டும் இடமும் வலமுமாக அலைந்துகொண்டே இருந்தன.

பஸ் விபத்துக்குப் பிறகு தூக்கம் போய் நான் வந்திருந்தேன். சற்று முன் டாக்டர் வெளியே வந்து எங்கள் இருவருக்கும் இரண்டு வழி சொல்லியிருந்தார். தலையில் வயர் ஒட்டி, மூளை அடங்குவதைத் திரையில் பார்த்துப் பழகலாம். அல்லது நடந்ததை நினைத்தபடி, இடம் வலமாக ஆடும் அவர் விரலைக் கண்ணால் தொடரலாம். காபியா டீயா என்பதுபோல் கேட்டுவிட்டுப் போனார். நினைக்க வேண்டும் என்றதுமே எனக்கு வியர்த்துவிட்டது.

"வயர்தான் நல்லதுண்ணே. எதையும் நினைக்க வேண்டாம்ல?"

"நான் விரலுக்குத்தான் போறேன் தாயி. படகு கவுந்தப்ப இப்படித்தான் இங்கனயும் அங்கனயும் தம்பியத் தேடுனேன். என்னயத் தூக்குன படகுக்காரங்க, இருட்டுதுன்னு கரைக்குத் திருப்பிட்டாங்க. தம்பி கெடைக்கவே இல்ல. பாதித் தேடல்ல வந்துட்டேன்."

அவரை உள்ளே கூப்பிட்டார்கள். எழுந்து துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டார், கடலில் இறங்கப் போகிறவர்போல.

கதவு சாத்திக்கொண்டது. அவர் போனது குணமாகவா, தம்பியைக் கூட்டிவரவா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.