வத்தல் குடோனில் ஒரு தும்மல்

மிளகாய் வத்தல் நெடி மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் டிராகன்தான் ஞாபகம் வரும்... சிரிக்க வேண்டாம், கேளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், அருப்புக்கோட்டை. பாலாவின் அப்பாவுக்கு வத்தல் வியாபாரம். ஞாயிற்றுக்கிழமை குடோனுக்கு லீவு. மூட்டைகள் மேல் நாங்கள் ஏறி உட்கார்ந்துவிடுவோம். பம்பாய் மாமா வீட்டிலிருந்து பாலா கொண்டுவந்த ஒரு இங்கிலீஷ் புத்தகம், கொஞ்சம் டைஸ், அதாவது பகடைக் கட்டைகள்... அதுதான் ஆட்டம். பாலா கதை சொல்வான்; அதில் ஆளுக்கொரு வேஷம், பிழைப்பதும் சாவதும் டைஸில் விழும் நம்பரைப் பொறுத்தது. அதில் நான் வாள் வீரன். வீரசோழன் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வரும் தாஜ் மந்திரவாதி.

கதையில் செத்தால் ஆட்டத்தை விட்டே எழுந்து போய்விட வேண்டும். காலியாகும் அந்த இடத்துக்குத் தெருப் பையன்கள் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். பிளஸ் டூ முடிந்த அந்த லீவில் எனக்கு வேறு போக்கிடமும் கிடையாது.

அன்றைக்கு என் வீரன் குற்றுயிராகக் கிடந்தான். டிராகன் நெருப்பைக் கக்குகிறது. நடுவில் தாஜ் போட்ட மந்திரக் கவசம் மட்டும்தான். மந்திரம் நிற்கும்வரை மந்திரவாதியின் கவனம் சிதறக் கூடாது என்று புத்தகத்தில் போட்டிருந்தது. பாலா அதற்குச் சொன்ன அர்த்தம், அதுவரை தாஜே வாயைத் திறக்கக் கூடாது என்பது. அதுவும் வத்தல் குடோனில்!

பாவம், மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தான். நான் அந்த மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்...

அச்ச்ச்!

தும்மினதோடு விட்டானா? பழக்க தோஷம், தும்மினால் அவர்கள் வீட்டில் சொல்கிற "அல்ஹம்துலில்லாஹ்"வையும் சொல்லிவிட்டான்.

"கவசம் போச்சு. கணேசா, எந்திரி" என்றான் பாலா.

எனக்கு வந்ததே கோபம். "ஏலே, தும்முனது தாஜா, மந்திரவாதியா? மந்திரவாதி என்ன உங்க குடோன்லயா உக்காந்திருக்கான்? அவன் மலை மேல நிக்கான்லே!"

பாலா புத்தகத்தைப் புரட்டினான். முழித்தான். "அடி விழுந்தா கவனம் போகும்னு போட்டிருக்கு. தும்முனா என்னன்னு போடலயே..." கடைசியில், டைஸ் உருட்டு, பெரிய நம்பர் விழுந்தால் கவசம் நிற்கும் என்றான்.

தாஜ் டைஸை என் கையில் வைத்தான். "உன் உசுரு, நீயே போடு."

அது மூட்டை இடுக்கில் போய் விழுந்தது. மூன்று பேரும் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தோம். பெரிய நம்பர்! அப்பாடா... பிளஸ் டூ பாஸானபோதுகூட எனக்கு அந்த நிம்மதி வரவில்லை.

இப்போது பாலா சென்னை, தாஜ் துபாய், நான் மதுரை. வீடியோ காலில் அதே ஆட்டம். ரூலில் சந்தேகம் வந்தால் போனைத் தட்டினால் போதும், பதில் வந்துவிடுகிறது. சண்டை போடத்தான் வழியில்லை.

நடுவில் தாஜுக்கு நெஞ்சில் ஆபரேஷன். பயந்தே போனோம். சில மாதம் அவன் வரவில்லை. அவன் இடத்தில் நாங்கள் வேறு யாரையும் சேர்க்கவில்லை.

போன ஞாயிறு வந்தான். ரொம்ப மெலிந்திருந்தான். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு தும்மல். பின்னாலேயே "அல்ஹம்துலில்லாஹ்".

"கவசம் போச்சு" என்றான் பாலா.

"ஏலே, சிரிக்க வைக்காதீங்கடா, நெஞ்சு இன்னும் வலிக்குது..."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாடா, ஆள் இருக்கான்.

"நீ எந்திரிக்க வேணாம்லே" என்றேன். "அங்கனயே உக்காரு."