செக்ரோல் படத்தில் ஒரு புள்ளிக்கோடு

“...அத்தனையும் படமாப் போட்டீங்க, செரி. அந்த ரெண்டு கை பழத்தை மட்டும் உட்டிருக்கக் கூடாதுங்களா சாமி?”

எஸ்டேட் கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றபடி அந்த அம்மா என்னிடம் கேட்டார். காப்பிப் பழம் பறிக்கும் பெண்களில் வாய் நிறையப் பேசுகிறவர் அவர்தான். பக்கத்தில் தகரப்பெட்டியின் மேல் அவருடைய தோழி உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். செக்ரோலில், அதாவது எஸ்டேட்டின் ஆள் பதிவேட்டில், தோழியின் பேரை முந்தின நாள் அடித்துவிட்டார்கள். பேர் இல்லாதவருக்கு எஸ்டேட் தரும் லைன் வீடும் இல்லை, டிஸ்பென்சரி மருந்தும் இல்லை. வாழவந்தியிலிருக்கும் தம்பி வீட்டுக்குப் புறப்பட்டிருந்தார். தம்பி பெண்டாட்டி சேர்த்துக்கொள்வாளா என்பது அவருக்கே தெரியாது.

எல்லாம் நான் வரைந்த படத்தால் வந்தது.

எண்பதுகளின் கடைசி அது. நான் அந்த எஸ்டேட் ஆபீசில் டைப்பிஸ்ட். ஞாயிறுதோறும் முதல் பஸ்ஸில் சேலம் இறங்கி கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போவேன். வகுப்பு முழுவதற்கும் இரண்டே கம்ப்யூட்டர். என் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். அதனால் தடித்த இங்கிலீஷ் புத்தகத்தையும் அகராதியையும் வைத்துக்கொண்டு நானாகப் படித்ததுதான் அதிகம். சிஸ்டம்ஸ் அனலிஸ்ட் ஆகியே தீருவது என்று இருந்தேன். அந்த வேலைக்கு, ஓர் ஆபீசில் எந்தத் தாள் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, எங்கே நின்றுபோகிறது என்று கண்டு படமாக வரைய வேண்டும். கம்ப்யூட்டர் பேச்சு அதற்குப் பிறகுதான். படிப்பு முடிய அப்படி ஒரு படம் கேட்டார்கள். “அவங்க செய்யறதாச் சொல்றதை வரையாதீங்க, செய்யறதை வரையுங்க” என்று சொல்லி அனுப்பினார் வாத்தியார்.

எனக்குத் தெரிந்த ஆபீஸ் ஒன்றுதானே. காலையில் பேர் கூப்பிடுவதிலிருந்து மாலையில் மூட்டையை நிறுப்பது வரை, ஒரு வாரம் நோட்டும் கையுமாகக் காட்டுக்குள் அலைந்தேன். யார் பேசினாலும் வாய் பார்த்து நிற்கிற சுபாவம் எனக்கு. பெண்களுக்கும் என்னிடம் கூச்சம் விட்டுப்போயிற்று. “மஞ்சு எருமையாட்டம் படுத்துக் கெடக்குது, எந்திரிக்கவே மாட்டீங்குது” என்று மூடுபனியைக் காட்டிச் சொல்வார் அந்த அம்மா. அதையும் எழுதிக்கொள்வேன். “ஏனுங்க சாமி, எருமையையும் கம்ப்யூட்டருக்குள்ள உடப்போறீங்களா?” என்று எல்லோரையும் சிரிக்க வைப்பார்.

இருமலோடு இருந்தவர் பாதி நாள் சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். பறித்த பழத்தின் எடை குறைந்துகொண்டே வந்தால் பேரை எடுத்துவிடுவது அங்கே வழக்கம். ஆனால் மாலையில் அவர் மூட்டையும் மற்றவர்களுடையதைப் போலவே நிறைந்திருந்தது. எப்படி என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

“ஆளுக்கு ரெண்டு கை பழம் அவ மூட்டையில போடறமுங்க. நெஞ்சு செரியாகற வரைக்கும்தான். நாளைக்கு எனக்கு முடியலீன்னா அவ போடமாட்டாளா?”

படத்தில் மற்றதெல்லாம் கட்டமும் அம்புமாக வந்தது. இந்த ரெண்டு கையை மட்டும் புள்ளிக்கோடாகப் போட்டு, ‘உடம்பு முடியாதவர் மூட்டை’ என்ற கட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பேர் எழுதவில்லையே, என்ன ஆகிவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். நிஜத்தில் அந்தக் கோட்டை விட மனசில்லை. நானாகக் கண்டுபிடித்தது அது ஒன்றுதான். வாத்தியார் அதன் மேல் விரலை வைத்து வகுப்புக்கே காட்டினார். எஸ்டேட் கையெழுத்து வாங்கி வந்தால் போதும் என்றார்.

மேனேஜர் கையெழுத்துப் போடுமுன் படத்தை நிதானமாகப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை வைக்காத நல்ல மனிதர். “எட்டு வருஷமா எனக்குத் தெரியாததை ஒரு வாரத்துல புடிச்சிட்டீங்களே தம்பி!” என்று தட்டிக்கொடுத்தார். மரத்தடியில் உட்காருவது யார் என்று கேட்டார். தெரியாது என்றேன். படத்தைக் கையில் பிடித்தபடியே காட்டுக்குள் நடந்து போய் அவரே பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை அந்தப் பேரைக் கூப்பிடவில்லை. நான் மேனேஜரிடம் ஓடினேன்.

“வாய்ப்பேச்சா வந்திருந்தா கேக்காத மாதிரி இருந்திருப்பேன். தாள்ல வந்துருச்சே தம்பி. மொதலாளி பாத்தா நானில்ல பதில் சொல்லணும்?” என்று படத்தைத் திருப்பிக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டிருந்தார்.

அந்தப் படத்துக்குத்தான் வகுப்பில் எனக்கு முதல் மார்க். அதைக் காட்டித்தான் பிறகு வேலையும் வாங்கினேன்.

அன்று கேட்டுக்கு வெளியே அந்த அம்மா அப்படிக் கேட்டபோது நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பஸ் வந்து நின்றதும், பெட்டியை நானாவது ஏற்றிவிடுவோம் என்று குனிந்தேன்.

“நீங்க எதுக்குங்க சாமி? அக்குள்ள நோட்டு இருக்குது பாருங்க, நனைஞ்சுரும்” என்றார் அந்த அம்மா.

காலையில் பேர் கூப்பிட்டபோது ‘இருக்கேனுங்க’ என்று ஆள் கொடுத்துவிட்டு வந்தவர் அவர்; பாதியில் போனால் அன்றைக்குக் கூலி கிடையாது. பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டார். தோழியின் முழங்கையைப் பிடித்துப் படியேற்றினார். இடுப்பில் கட்டியிருந்த பழச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் தானும் அந்த பஸ்ஸில் ஏறினார்.