பெயருக்குக் கீழே ஒரு வெற்றிடம்

உங்கள் பெயருக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது? பட்டமா, பதவியா? அடுத்த ஆவணியிலும் அது உண்மையாக இருக்கும் என்று எழுதித் தர உங்கள் முதலாளி தயாரா?

கோபப்பட வேண்டாம். இந்தக் கேள்வியைச் சென்ற ஆவணியில் வெள்ளவத்தையில் ஒரு பெண் மேடையேறிக் கேட்டாள். அன்றைக்கு அவளுடைய பெயருக்குக் கீழே ஒன்றுமே இருக்கவில்லை. வெறும் வெள்ளைக் காகிதம்.

அவள் பெயர் உஷாந்தி. வயது முப்பது. காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஏழு மாடிக் கட்டடத்தின் நான்காம் மாடியில் தாயுடன் வாடகைக்கு இருக்கிறாள். வெளிநாட்டுக் காப்புறுதித் தரவுகளை அலசிக் கொடுக்கும் கம்பனி ஒன்றில் நான்கு வருடமாக வேலை. அந்த நான்கு வருடத்தில் ஒன்பது நியமனக் கடிதங்கள். ஒவ்வொன்றும் ஐந்து மாதத்துக்கு. ஐந்து மாதம் முடிந்ததும் ஒரு கிழமை இடைவெளி. பிறகு புதுக் கடிதம், புது ஆள் மாதிரி. முதல் கடிதத்தில் இளநிலை. நாலாவதில் அந்த ‘இளநிலை’ உதிர்ந்தது. ஏழாவதில் ‘சிரேஷ்ட தரவுப் பகுப்பாய்வாளர்’. பதவியின் பெயர் மட்டும் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தது. கடிதம் ஐந்து மாதக் குழந்தையாகவே இருந்தது.

அந்த இடைவெளிக் கிழமையில் வாசல் அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மடிக்கணினியைக் கொடுக்க வேண்டியதில்லை. அதாவது, ஏழு நாளுக்கு உஷாந்தி கம்பனியின் ஆள் இல்லை. ஆனால் கம்பனியின் வேலை அவளுடைய சாப்பாட்டு மேசையில் வழமைபோல் நடக்கும். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவருக்கு யாராவது ஒரு விருது கொடுத்திருப்பார்கள்.

ஒழுங்கையிலோ அவள்தான் எல்லாம். தண்ணீர் மோட்டார் நின்றால் உஷாந்தி. லிஃப்ட் இடையில் நின்றால், உள்ளே இருப்பவர் முதலில் அழைப்பது உஷாந்தியை, இரண்டாவதாகத்தான் முருகனை. பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பவும், மின்சாரச் சபையோடு சிங்களத்தில் மல்லுக்கட்டவும் அவள்தான். தவறாக நிரப்பிய படிவத்தைக் கண்டால் அவளால் சும்மா இருக்க முடியாது. அந்தக் குணத்துக்கு நம்மவர்கள் ‘தலைமைத்துவம்’ என்று பெயர் வைத்து, அவளை ‘இளம் தொழில்வாண்மையாளர் வட்ட’த்தின் செயலாளராக்கினார்கள். சம்பளமில்லாத வேலை என்பதால் அதை மட்டும் யாரும் ஐந்து மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்லவில்லை.

வட்டத்தின் தலைவர் நவரத்தினம் இளம் ஆள் அல்ல. ஒரே வங்கியில் முப்பத்தாறு வருடம் இருந்து முகாமையாளராக ஓய்வுபெற்றவர். இளைஞர் அமைப்புக்கு எழுபது வயதில் ஏன் தலைவர் என்று கேட்டால், “பிறகு ஆர் குத்துவிளக்கு ஏத்துறது?” என்பார்.

ஆவணியில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்குத் தொழில் வழிகாட்டல் கருத்தரங்கு. தலைப்பை நவரத்தினமே வைத்தார்: ‘நிலையான தொழில், உறுதியான எதிர்காலம்’. மேடையில் ஆறு இளைஞர்கள், முதன்மை உரை உஷாந்தி. மண்டபத்தில் ஒரு திருமணத்துக்கும் ஓர் அரங்கேற்றத்துக்கும் நடுவில் ஒரு ஞாயிறு அகப்பட்டது. உஷாந்திதான் ஓடிப்போய் அந்த நாளைப் பிடித்தாள். நாலரைக்கு இராகுகாலம் தொடங்குமுன் முடித்துவிட வேண்டும் என்பதைப் பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொண்டார்கள். அவளுடைய ஒப்பந்தம் எப்போது முடியும் என்பதைப் பஞ்சாங்கம் சொல்லாது. அவளும் பார்க்க மறந்தாள்.

அழைப்பிதழை அச்சடிக்கும் ஹபீஸ் ஒரு பின்னேரம் தொலைபேசியில் அழைத்தார்.

“தங்கச்சி, எல்லாருக்கும் பேருக்குக் கீழ பதவி ஈக்கி. ஒங்கட பேருக்குக் கீழ என்ன போடுற?”

வாயைத் திறந்தவள் நாட்காட்டியைப் பார்த்தாள். ஒன்பதாவது கடிதம் வெள்ளிக்கிழமை முடிகிறது. கருத்தரங்கு அடுத்த நாளுக்கு அடுத்த நாள். பத்தாவது கடிதம், வந்தால், அதற்கடுத்த சனிக்கிழமை தொடங்கும். அந்த ஞாயிறு அவள் எவருடைய பகுப்பாய்வாளரும் அல்ல.

“ஒண்டும் போடாதேங்கோ நானா.”

“மொட்டையா ஈக்குமே.”

“மொட்டைதான் உண்மை.”

நம்மூர் அழைப்பிதழில் கடவுள் படம் இல்லாமல்கூட இருக்கலாம். பெயருக்குக் கீழே பதவி இல்லாமல் இருக்க முடியாது. நவரத்தினம் அன்று மாலையே நான்காம் மாடிக்கு ஏறி வந்தார்.

“பிள்ளை, சிரேஷ்ட எண்டு அழகாப் போடலாமே. ஒரு கிழமைதானே. ஆர் எண்ணப் போகினம்?”

“அங்கிள், பிள்ளையளுக்கு நிலையான தொழிலைப் பற்றிச் சொல்லப் போறன். முதல் வரியே பொய்யா இருக்கவோ?”

“நான் முப்பத்தாறு வருசத்திலை என்ர கடிதத்தை ஒருக்காத்தான் பார்த்தனான். நீங்கள் என்னெண்டா கடிதத்தோடையே படுத்தெழும்புறியள்.” சிறிது யோசித்தார். “சரி, வெறுமையா விடுவம். ஒருத்தரும் கவனிக்க மாட்டினம்.”

முப்பத்தாறு வருடம் கணக்குப் பார்த்த மனிதர் ஊரைப் பற்றிப் போட்ட கணக்கு இப்படித் தவறிப்போனது. ஒழுங்கை முழுவதும் வேறு எதையும் கவனிக்கவில்லை. வெற்றிடம் என்றால் ஊர் நிரப்பும். திங்கட்கிழமை அவளுக்குக் கனடாவிலிருந்து ஸ்பொன்சர் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை கல்யாணம் சரியாகி, அதனால் வேலையை விட்டுவிட்டாள். புதன்கிழமை மாப்பிள்ளையின் ஊர் கரவெட்டி என்றும் தெரிந்துவிட்டது. வேலை இல்லை என்ற எளிய உண்மை மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. படித்த பிள்ளை அல்லவா.

மூன்றாம் மாடி அன்னபாக்கியத்துக்குத்தான் விஷயம் தெரியும். அவருடைய மகன் சாரங்கன் அதே கம்பனியில் மனிதவள முகாமையாளர். உஷாந்தியின் கடிதங்களில் கையெழுத்திடுபவர். மேடையில் இருக்கப்போகும் ஆறு பேரில் அவரும் ஒருவர். அன்னபாக்கியம் உஷாந்தியைப் படியில் மறித்தார்.

“உனக்குச் சனி மாற்றம் சரியில்லை பிள்ளை. சனிக்கிழமையிலை எள்ளெண்ணெய் எரி.”

“அன்ரி, சனி ஒரு இராசியிலை இரண்டரை வருசம் இருக்கிறவர். அந்தளவு நிரந்தரம் எனக்குக் கிடைச்சா எண்ணெய் என்ன, கிரகத்துக்கு நான் கேக்கே வெட்டுவன்.”

“நல்லா வாய் காட்டு. சாரங்கன் மேடையிலை இருப்பான். அவனுக்கு இப்பதான் ஒரு சம்பந்தம் பொருந்தி வருகுது. பேமனன்ட் உத்தியோகம் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்.”

வியாழக்கிழமை லிஃப்டில் சாரங்கனே அகப்பட்டார். அவள் மின்சாரச் சபையோடு சண்டை பிடித்ததால் ஓடிக்கொண்டிருந்த லிஃப்ட் அது.

“உம்மட புதுக் கடிதம் என்ர மேசையிலை கிடக்குது உஷாந்தி. அடுத்த வியாழன் மேலிடத்துக்குப் போகும். ஞாயிறு பொதுவாக் கதையும். ஒப்பந்தம், கிழமை எண்டு ஒண்டும் வேண்டாம்.”

“வெருட்டுறீங்களோ அண்ணா?”

“இல்லை. கெஞ்சுறன்.”

கதவு திறந்தது. அவர் ஏன் கெஞ்ச வேண்டும் என்று அவளுக்கு விளங்கவில்லை. தன் நிலைமை நன்றாக விளங்கியது. வீட்டுக்காரர் குத்தகையைப் புதுப்பிக்க வேலைக் கடிதம் கேட்டிருந்தார். கடிதம் எவ்வளவு நாளோ, வீடும் அவ்வளவு நாள் என்பது அவருடைய சட்டம். வாயை மூடிக்கொண்டால் ஐந்து மாத வீடு. திறந்தால் என்ன ஆகுமோ தெரியாது.

ஞாயிறு மண்டபம் நிறைந்திருந்தது. மாணவர்களைவிடப் பெற்றோர் அதிகம். முன்வரிசையில் அன்னபாக்கியம், பச்சைப் பட்டுச் சேலையில். நவரத்தினம் குத்துவிளக்கேற்றித் தன்னுடைய வங்கியை மூன்று முறை புகழ்ந்தார். இரண்டாவதாகப் பேசியவள் நிஷாந்தி. கொட்டாஞ்சேனையில் இருக்கிறாள், தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் இரத்தப் பரிசோதனை செய்பவள். ஆய்வுகூட வேலைக்கு என்னென்ன படிக்க வேண்டும் என்று ஒழுங்காகச் சொல்லி அமர்ந்தாள்.

கடைசியாக உஷாந்தி எழுந்தாள். எழுதி வந்த தாளை மடித்தாள்.

“என்ர பேருக்குக் கீழ ஏன் ஒண்டும் இல்லை எண்டு கன பேர் கேட்டவை. நான் கனடா போகேல்லை. கரவெட்டி மாப்பிள்ளையையும் எனக்குத் தெரியாது.” மண்டபம் சிரித்தது. “என்ர ஒப்பந்தம் முந்தநாள் முடிஞ்சுது. இண்டைக்கு எனக்கு வேலை இல்லை. உங்களுக்கு நிலையான தொழிலைப் பற்றிச் சொல்ல முன்னம், இந்த மேடையிலை ஒரு கணக்கெடுப்பம். அடுத்த வருசம் இதே நாள் இதே வேலையிலை இருப்பியள் எண்டு கடிதம் வைச்சிருக்கிற ஆக்கள் கையை உயர்த்துங்கோ.”

அந்த நேரம் பார்த்துக் கடற்கரைப் பாதையில் காலி நகரப் பக்கம் போகும் ரயில் கடந்தது. யன்னல்கள் அதிர, எல்லோரும் காத்திருந்தார்கள். சிந்திக்க ஆறு பேருக்கும் ஒரு முழு ரயிலின் நீளம் கிடைத்தது.

ரயில் போய் முடிந்தபோது ஒரேயொரு கை உயர்ந்திருந்தது. நவரத்தினத்தின் கை.

“அங்கிள், நீங்கள் பென்ஷன் எடுத்திட்டியள்.”

“அதுதான் நிலையானது,” என்றார் அவர், கையை இறக்காமல்.

நிஷாந்தி ஒலிவாங்கி இல்லாமலே பேசினாள். “எங்கம்மா தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுத்தாங்க. செக்ரோல் பதிவுல பேரு இருந்துச்சு. நான் பட்டம் முடிச்சவ. எனக்கு காலையில ஃபோன் வந்தாதான் வேலை, வரலைன்னா லீவு. அம்மா என்னைய படிக்க வச்சு முன்னுக்குக் கொண்டாந்துட்டாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காங்க.”

இந்த முறை சிரிப்பு அரைவழியில் நின்றது. தோட்டத்தில் வியர்வை சிந்தியவரைப் பதிவேட்டில் எழுதிய நாடு, அவருடைய பட்டதாரி மகளை ஒரு தொலைபேசி அழைப்பாகச் சுருக்கிவிட்டது. இதற்குப் பெயர் நெகிழ்வான வேலை. நெகிழ்வது யாருடைய முதுகு என்று எந்த விளம்பரத்திலும் போடுவதில்லை.

முன்வரிசையிலிருந்து அன்னபாக்கியம் காதோடு சொல்வதாக நினைத்துச் சொன்னது மண்டபம் முழுவதற்கும் கேட்டது.

“தம்பி, கையை உயர்த்தன்.”

சாரங்கன் மடியைப் பார்த்தபடி இருந்தார்.

“தம்பி, உன்னைத்தான்.”

“அம்மா, எனக்கும் மார்ச் வரைக்கும்தான்.”

அன்னபாக்கியம் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே முக்கால். இராகுகாலம் வர இன்னும் நேரம் இருந்தது. பழியைப் போட ஒரு கிரகமும் கைவசம் இல்லை.

லிஃப்டில் சாரங்கன் ஏன் கெஞ்சினார் என்பது உஷாந்திக்கு அப்போது விளங்கியது. அவரை மேலும் வருத்தவில்லை. மாணவர்களைப் பார்த்துச் சொன்னாள்: “நல்லாப் படியுங்கோ. ஆனா கையெழுத்து வைக்க முன்னம் கடைசித் திகதியை வாசியுங்கோ. வாசிச்சிட்டு ஒளிச்சு வைக்காதேங்கோ. நாங்கள் ஆறு பேரும் ஒரே நிலைமையிலை இருந்தும், மற்றவைக்கு மட்டும்தான் நிலையான வேலை எண்டு இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனாங்கள்.” அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கூடுவோம், அவரவர் நியமனக் கடிதத்தைக் கொண்டு வரட்டும் என்று அறிவித்துவிட்டு இறங்கினாள்.

வெள்ளிக்கிழமை பத்தாவது கடிதம் வந்தது. ஐந்து மாதம் அல்ல, மூன்று. உண்மை பேசியதற்கு இரண்டு மாதத் தண்டனை. வீட்டுக்காரர் சொன்னபடியே மூன்று மாதத்துக்குக் குத்தகை எழுதினார். உஷாந்தி கையெழுத்திட்டாள். வீரத்துக்காக வீதியில் இருக்க முடியாது.

அன்று மாலை சாரங்கன் தொலைபேசியில் அழைத்தார்.

“நான் ஐஞ்சு எண்டுதான் எழுதி அனுப்பினனான்.”

“நம்புறன் அண்ணா. என்னட்டை இருக்கிறது மூண்டுதான்.”

“ஞாயிறு கூட்டத்துக்கு முகாமையாளர்மார் வரலாமோ?”

“மார்ச் வரைக்கும் வரலாம்.”

அவர் வந்தார். அன்னபாக்கியமும் கூடவே வந்து, ஒரு தட்டில் சூசியமும் கொண்டுவந்தார். பொருந்தி வந்த சம்பந்தம் போய்விட்டதென்றும், பெண்ணின் வேலையும் டிசம்பர் வரைதான் என்று பிறகு தெரிய வந்ததென்றும் எல்லோருக்கும் சொன்னார். முதல் ஞாயிறு பதினொரு பேர். அதற்கடுத்த ஞாயிறு பத்தொன்பது. ஒவ்வொருவரும் எழுந்து தன்னுடைய கடிதத்தின் கடைசித் திகதியைச் சத்தமாக வாசிப்பார். உஷாந்தியின் கம்பனியைச் சேர்ந்தவர்கள் மட்டும் ஆறு பேர். அந்த இடைவெளிக் கிழமை வேலைக்கு ஊதியமும் கடிதமும் கேட்டு அவர்கள் சேர்ந்து ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறார்கள். ஒருத்தி கேட்டால் அவள் வாய்க்காரி. ஆறு பேர் கேட்டால் மேசை போட்டுப் பதில் சொல்ல வேண்டும். முதல் கையெழுத்து உஷாந்தியுடையது. ஆறாவது சாரங்கனுடையது. தலைப்பில் எழுத்துப்பிழை பார்த்துத் திருத்தியவர் நவரத்தினம். முப்பத்தாறு வருடத்தில் தான் செய்த முதல் புரட்சி என்று அவரே சொல்லிக்கொள்கிறார்.

விண்ணப்பத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. மூன்று மாதத்தில் இரண்டு மாதம் கழிந்துவிட்டது.

உங்களுடைய கடிதம் எங்கே? அலுமாரியில், பிறப்புச் சான்றிதழுக்குக் கீழே, யாரும் பார்க்காத இடத்தில்தானே? இன்றைக்கே எடுங்கள். கடைசித் திகதியை வீட்டில் இருப்பவர்களுக்குக் கேட்கும்படி வாசியுங்கள். நாளைக்கு வேலைத்தலத்தில் பக்கத்துக் கதிரையில் இருப்பவரிடம் அவருடைய திகதியைக் கேளுங்கள். இருவரும் சேர்ந்து மூன்றாவது ஆளைத் தேடுங்கள்.