ஏலத்தோட்டத்தில் பீன்ஸ்

அந்தக் கோடையில் போடிமெட்டுக்குக் கீழே இருக்கும் எங்கள் மூன்று ஏக்கர் ஏலத்தோட்டத்தில் பாதிச் செடிகள் கருகிப்போயின. நானும் என் மனைவியும் ஜீப்பில் தண்ணீர் லோடு ஏற்றிப்போய்க் குடம் குடமாக ஊற்றிப் பார்த்தோம். பலனில்லை. மலை முழுக்க இதே கதை என்பதால் ஏலக்காய் விலை எகிறியது. போடியில் டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, "உங்க காட்டுல மழைதாண்ணே" என்றார். விற்பதற்குத்தான் என்னிடம் காய் இல்லை. சிரித்துவைத்தேன்.

மழை பிடித்து, பிழைத்த செடிகளில் காய் முற்றியதும் அடிவாரத்துச் சிலமலை கிராமத்திலிருந்து ஆறு பெண்கள் காயெடுக்க வந்தார்கள். அவர்களைக் கூட்டி வருபவர் பல வருடமாக எங்களிடம் வருகிற அம்மா. எப்போதும் மதியச் சாப்பாட்டில் எனக்கும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றுவார். அன்றைக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். தண்ணீர் எடுக்கப் போன நான் தற்செயலாகப் பார்த்துவிட்டேன். தூக்குவாளியில் பழைய சோறும் ஒரு பச்சை மிளகாயும்தான் இருந்தன.

சாயங்காலம் ஜீப்பு ஏறும் முன் என்னிடம் தனியாக வந்தார். கேரளா பக்கம் பெரிய எஸ்டேட்டில் கூலி கூடுதலாம், அடுத்த வாரத்திலிருந்து எல்லோரும் அங்கே போகிறார்களாம்.

"பருப்பு வாங்கி மூணு வாரமாச்சுண்ணே. அரிசி விக்கிற வெலைக்கு இந்தக் கூலி பத்தல. கோவிச்சுக்கிராதீக."

எனக்குக் கோபம் வரத்தான் செய்தது. உரமும் மருந்தும் விலை ஏறி நான் படும் பாட்டைச் சொல்ல ஆரம்பித்தேன். அந்தத் தூக்குவாளி கண்ணுக்குள் நின்றது. பாதியிலேயே நிறுத்திவிட்டு, "போயிட்டு வாம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வாரம் நாங்கள் இரண்டு பேர்தான் காயெடுத்தோம். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனது. நாங்கள் போய்ச் சேரும் முன்பே பழுத்த காய்கள் வெடித்து வீணாயின. ஞாயிற்றுக்கிழமை, எஸ்டேட் லீவு நாளில், அந்த அம்மா இன்னும் இரண்டு பெண்களோடு வந்து நின்றார். நான் கூப்பிடவில்லை. ஒருநாள் வேலைதான் என்பதால் எஸ்டேட் கூலியையே தருகிறேன் என்றேன். தலையாட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார்.

மதியம், கருகிய செடிகளைப் பிடுங்கிப்போட்ட இடத்தைக் காட்டிக் கேட்டார்: "புதுக் கன்னு காய்க்க ரெண்டு மூணு வருசம் ஆகுமே, அதுவரைக்கும் பீன்ஸ் போடுவமாண்ணே? சோலி எங்களது. வெளைஞ்சதுல பாதி உங்களுக்கு."

ஏலக்காய் போடுகிறவன் என்ற கௌரவம் எனக்குக் கொஞ்சம் இடித்தது. நான் யோசிப்பதற்குள் என் மனைவி சரி என்று சொல்லிவிட்டாள்.

இரண்டு மாதத்தில் பீன்ஸ் காய்த்தது. ஏலக்காயில் போனதை அது ஈடுகட்டவில்லை. அந்த அம்மாவும் எஸ்டேட் வேலையை விடவில்லை, விடச் சொல்ல எனக்கும் வழியில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் ஐந்து பேரும் சேர்ந்து பறித்தோம். அவர் இரண்டு கூறாகப் பிரித்து, எங்கள் பங்கை என் மனைவியின் பையில் தானே போட்டுவிட்டு ஜீப்புக்குப் போவார்.