எலாஸ்டிக் கட்டிய ஜாடி

மேரியக்கா மாரடைப்பில் போய்விட்டார் என்று சூப்பர்வைசர் போனில் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. என் ஊறுகாய் ஜாடி அவர் வீட்டில் இருந்தது. பொல்லாத மனசு, அதைத்தான் முதலில் நினைத்தது.

பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் அவரோடு நின்ற உங்களுக்கு அவர் கைவேலை தெரியும். உடைந்த சாமான் வீட்டில் இருக்கக்கூடாது என்று நாம் தூக்கிப் போடுவதையெல்லாம் கேட்டு வாங்கிப் போவார். பசை வைத்து, வேஸ்ட் எலாஸ்டிக்கால் இறுக்கிக் கட்டுவார். காய்ந்ததும் விரிசல் போன வழியிலேயே பிரிண்டிங் சாயத்தால் கொடியும் இலையும் வரைவார். "கம்பெனியில சின்னப் பிசிறுக்கும் ஸ்டிக்கர் ஒட்டிக் கழிச்சுப் போடுதோம். இங்கயாவது உடைஞ்சது வெளிய தெரிஞ்சே இருக்கட்டுமே" என்பார், தன் தூத்துக்குடிப் பேச்சில்.

ஒருமுறை என் பீங்கான் தட்டை ஒட்டித் தந்தார். நாள் முழுக்கப் பனியன் தையலை இழுத்துப் பார்க்கிற கையாயிற்றே! வாங்கியதும் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தேன். பட்டென்று பிரிந்தது. "ஏட்டி, இது என்ன பனியனா?" என்று வயிறு வலிக்கச் சிரித்தார்.

ஜாடி என் சீரோடு வந்தது. எனக்கும் வீட்டுக்காரருக்கும் நடந்த சண்டையில் உடைந்தது. அன்றே அவர் காங்கேயத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். நான் சும்மா இருந்தேனா? டீ நேரத்தில் ஒரு போன், சாப்பாட்டு நேரத்தில் ஒரு போன். "ஏனுங்க, கோவம் போயிருச்சுங்களா? எப்ப வர்றீங்க?" கேட்கக் கேட்க அவர் பேச்சு குறைந்துகொண்டே போனது. மேரியக்கா ஒருநாள் போனைப் பிடுங்கித் தன் டிபன் பைக்குள் போட்டார். "ஒட்டினதக் காய விடு, சரசு. இழுத்து இழுத்துப் பாத்தா எதுட்டி நிக்கும்?"

அடக்கம் முடிந்ததும் அவர் மகள் ஜாடியைக் கொண்டுவந்தாள். கட்டு அப்படியே இருந்தது, கொடி வரையவில்லை. "காயறதுக்கு முன்ன சரசு கையில குடுத்துராத, இழுத்துருவான்னு அம்மா சொன்னாவ" என்றாள். அங்கேதான் எனக்கு அழுகை வந்தது.

துக்கத்துக்கு வந்த வீட்டுக்காரர் என்னோடு வீட்டுக்கு வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். 'இருப்பீங்களா, போயிருவீங்களா?' தொண்டை வரை வந்துவிட்டது. சமையல்மேடையில் ஜாடி கட்டோடு இருந்தது.

"சோறு போடட்டுங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"ம்" என்றார்.

ஆணியில் இன்றைக்கும் சட்டை தொங்குகிறது. காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். பயம் போகவில்லை. எலாஸ்டிக்கையும் இன்னும் அவிழ்க்கவில்லை. மேரியக்கா தந்ததில் ஜாடியைத் தவிர என்னிடம் இருப்பது, இழுத்துப் பார்க்காமல் இருக்கப் பழகுகிற இந்தக் கைதான்.