கேட்காமல் எழுதிய ‘இல்லை’

எலும்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி டாக்டர்மார் பேசிக்கொண்டதைக் கேட்டுப் பொறுக்கியது. மீதிப் பாதி கட்டுப் போட வந்தவர்கள் சொன்னது. “உடைய ஒரு நொடி, ஒட்ட ஒரு வருசம்” என்று ஒரு வாழைத்தார் வியாபாரி சொல்லிவிட்டுப் போனார். பெரிய புத்தகங்களிலும் இதற்கு மேல் இருக்காது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கச் சேர்ந்தேன். மாவுக்கட்டு அறையில் வாளியில் தண்ணீர் பிடித்து வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். மாவு பூசிய துணிச் சுருளை நனைத்துப் பிழிந்து கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். ஒருநாள் கட்டுப் போடுகிறவர் வரவில்லை. நான் போட்டேன். அன்றிலிருந்து அது என் வேலை.

மாவு இறுகும்போது முதலில் சூடு கொடுக்கும், அப்புறம் ஜில்லென்று ஆகிவிடும். வருஷக்கணக்காக அதிலேயே கையை வைத்திருந்தால் விரல் நுனி மரத்துவிடும். வீட்டில் சோறு பிசையும்போது, “சுடலையா உங்களுக்கு?” என்பாள் என் மனைவி. சுடும். கொஞ்சம் பிந்தித் தெரியும், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில், மேல்படிப்புக்காகச் சின்ன டாக்டர் ஒருவர் வந்தார். என்னை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார். அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி, ஒட்டாத எலும்பு. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு உடைந்து, ஆறு மாதம் ஆகியும் கூடாமல், உடைந்த இடமே ஒரு மூட்டு மாதிரி அசைந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு இடுப்பெலும்பில் தடித்த ஊசியைப் போட்டு, உள்ளே இருக்கிற மஜ்ஜையை உறிஞ்சி, அதை உடைந்த இடத்தில் செலுத்துவார். அறுக்க வேண்டாம், தையல் வேண்டாம். பிறகு நான் கட்டுப் போடுவேன். மாதம் ஒரு எக்ஸ்ரே.

“அந்த மஜ்ஜையில அப்படி என்ன சார் இருக்கு?” என்று கேட்டேன்.

“இன்னும் என்ன ஆகப்போறோம்னு முடிவு பண்ணாத செல் கொஞ்சம் இருக்குண்ணே. எலும்புப் பக்கத்துல கொண்டு விட்டா எலும்பாகும்னு ஒரு நம்பிக்கை. எல்லாருக்கும் ஆகுதா, யாருக்கு ஆகலை, ஏன் ஆகலை, இதைத்தான் நான் பாக்கேன்.”

அவருக்கு ஒரு தாள் உண்டு. நோயாளி ஒருவருக்கு ஒரு தாள். வயது, விழுந்த விதம், முன்பு பார்த்த வைத்தியம், சர்க்கரை உண்டா, பழக்கங்கள் என்ன என்று கேள்விகள் இங்கிலீஷில் இருக்கும். பஸ் போர்டையும் மருந்துப் பெட்டியையும் பார்த்தே இங்கிலீஷ் எழுத்தைப் படித்துக்கொண்டவன் நான். நோயாளிகளோடு நன்றாகப் பேசுகிறேன் என்று அந்தத் தாளை நிரப்புகிற வேலையை என்னிடம் கொடுத்தார். எனக்கு அதில் பெருமைதான்.

அந்த வருஷம் மார்கழியில் ஒரு அம்மாள் வந்தாள். மாஞ்சோலைக்கும் மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். நாற்பது வயது இருக்கும். புருஷன் இல்லை. ஆனி மாத மழையில் சரிவில் வழுக்கி, இடது காலை உடைத்துக்கொண்டிருக்கிறாள். கீழே இறக்கிக் கொண்டுவந்து, ஒரு நாட்டு வைத்தியரிடம் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஆறு மாதம் கழிந்தும் கால் ஆடிக்கொண்டிருந்தது. அவளே பிடித்து ஆட்டிக் காட்டினாள்.

“பாத்தீங்களா அண்ணாச்சி, எல்லாருக்கும் காலுக்கு ரெண்டு மூட்டு. எனக்கு ஆண்டவன் ஒண்ணு கூடக் குடுத்திருக்கான்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவளுக்கு என்ன அவசரம் என்பதையும் அன்றைக்கே சொல்லிவிட்டாள். தோட்டத்தில் குடியிருக்கக் கொடுக்கிற லைன் வீடு, வேலைக்கு ஆள் இருக்கிற குடும்பத்துக்குத்தான். அவளுக்கு ஒரு வருஷம் பொறுப்பார்கள். அடுத்த ஆனிக்குள் கூடையைத் தூக்கிக்கொண்டு மலையில் நிற்க வேண்டும். இல்லையென்றால் அவள் பெயருக்கு வேறு ஆள் பதிய வேண்டும். வேறு ஆள் என்றால் மகள்தான். மகள் பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

“அவ பன்னெண்டு முடிச்சு நர்சுக்குப் படிக்கணும். அந்தக் கூடை என் தோளோட போகட்டும். ஆனிக்குள்ள நடக்க வச்சிருவீங்கல்லா?”

“நடந்திருவீங்க தங்கச்சி” என்றேன். என்னத்தைக் கண்டேன். வாய் சொல்லிவிட்டது.

தாளை நிரப்பினேன். வயது கேட்டேன், சொன்னாள். சர்க்கரை கேட்டேன். “காப்பிக்கே கிடையாது” என்றாள். அடுத்த கேள்வி, பீடி, சிகரெட், புகையிலை, சாராயம். பக்கத்துக் கட்டிலில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பொம்பளையிடம், அதுவும் நாலு பேர் முன்னால், எப்படிக் கேட்பது? ஆம்பிளைகளிடம், “பீடி உண்டுமாவே?” என்று தோளில் தட்டிக் கேட்டுவிடுவேன். இவளிடம் கேட்கவில்லை. மரியாதை என்று நினைத்து நானாகவே ‘இல்லை’ என்று எழுதினேன். அதுவரை எழுதின எல்லாப் பெண்களின் தாளிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

ஊசி போட்டார்கள். நான் தொடைவரை கட்டுப் போட்டேன். இந்தக் கட்டோடு மலை பஸ்ஸில் ஏற முடியாது என்று வார்டிலேயே படுக்க வைத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை தோறும் மகள் வருவாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து படிப்பாள். அம்மா அவளைக் கூப்பிட்டு, மாவுக்கட்டின் மேல் பேனாவால் அந்தந்த வாரத்துக்கு ஒரு கோடு போடச் சொல்வாள்.

முதல் வாரமே என்னைப் பக்கத்தில் அழைத்தாள்.

“அண்ணாச்சி, ஒரு உதவி. வாயில ஒண்ணும் இல்லாம மண்டை இடிக்கி. கொஞ்சம் வெத்தலை வாங்கியாந்து தருவீங்களா?”

வண்ணாரப்பேட்டையில்தான் நான் பஸ் மாறுவேன். அங்கே ஒரு வெற்றிலைக் கடை உண்டு. வாங்கிக் கொடுத்தேன். மறுநாள், “கூட ஒரு துண்டு பொயிலையும் வச்சு வாங்குங்க. வெறும் வெத்தலை ஆடு திங்கிற மாதிரி இருக்கு” என்றாள். அதையும் வாங்கிக் கொடுத்தேன். எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. படுத்துக் கிடக்கிறவளுக்கு ஒரு ஆறுதல். வெற்றிலை போட்டால் பேச்சு வரும். எனக்கும் பேச்சுக் கேட்கப் பிடிக்கும்.

“கூடை தோள்ல ஏறுன அன்னைக்கே பொயிலை வாயில ஏறிட்டு அண்ணாச்சி. பாதி வாய்க்கு, பாதி காலுக்கு. சுண்ணாம்போட கசக்கிக் கால்ல தேச்சா அட்டை ஏறாது. அட்டைக்குப் பயந்தா கொழுந்து எடுக்க முடியுமா?”

இந்த மாதிரிச் சொற்களை வீட்டுக்குப் போய் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். அட்டைக்குப் பயந்தா கொழுந்து எடுக்க முடியுமா. அன்றைக்கு இதை எழுதினேன். அவளுடைய தாளில் நான் எழுதின ‘இல்லை’ நினைவுக்கு வரவில்லை.

தை மாத எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. மாசியிலும் இல்லை. கூடப்போகிற எலும்பு என்றால் உடைந்த இடத்தைச் சுற்றி லேசாகப் புகை படிந்த மாதிரி ஒரு நிழல் தெரியும். அதைப் பார்க்க நானும் பழகியிருந்தேன். பங்குனி எக்ஸ்ரேயைச் சின்ன டாக்டர் விளக்குப் பெட்டியில் செருகிவிட்டு வெகுநேரம் நின்றார். இரண்டு முனையும் வெள்ளையாக, வழவழவென்று, ஒன்றையொன்று பார்க்காமல் இருந்தன.

“புரியலையேண்ணே. இதுவரைக்கும் புது எலும்பு ஏறாதது ரெண்டு பேருக்குத்தான். ரெண்டு பேரும் பீடி. அதுக்குக் காரணம் சொல்லலாம், ரத்தக் குழாய் சுருங்கிரும், புது எலும்புக்குச் சாப்பாடு போகாது. இந்தம்மாவுக்குச் சர்க்கரை இல்லை, பழக்கம் இல்லை. நீங்கதான எழுதியிருக்கீங்க?”

“ஆமா சார்.”

காலையில் வாங்கின பொயிலைப் பொட்டலம் என் சட்டைப் பையில் இருந்தது. எனக்கு அதன் வாசனை அடித்தது. அவருக்கு அடித்ததா தெரியாது. “சரிண்ணே, இன்னொரு மாசம் பாப்போம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போது பயமோ வருத்தமோ வந்தது என்று சொன்னால் அது பொய். ஒன்றும் வரவில்லை. அன்றைக்கு ஏழு கட்டுப் போட்டேன். வாளித் தண்ணீரைக் கீழே ஊற்றினேன். பொட்டலத்தைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். ஆமாம், கொடுத்தேன். மறுநாள் வாங்கவில்லை. கடை பூட்டியிருக்கிறது என்றேன். “அந்தக் கடை பூட்டுமா?” என்று கேட்டாள். மூன்றாம் நாள் தலைவலி என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள்.

நாலாம் நாள் சின்ன டாக்டரிடம் போய்ச் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, மேஜை டிராயரிலிருந்து தாள்களை எடுத்தார்.

“அப்ப மத்த லேடீஸ் எல்லாருக்கும்?”

“யார்கிட்டயும் கேக்கலை சார்.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெண்களின் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஒரு பக்கம் அடுக்கினார். அவளுடைய தாளின் மேல் சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

“இது ஆராய்ச்சியில வராது. ஆனா வைத்தியம் பாக்கணும்லா. இன்னொரு ஊசி போடலாம். முதல்ல பொயிலையை நிறுத்தணும்.”

“பொயிலையாலதான் ஒட்டலையா சார்?”

“தெரியாதுண்ணே. பீடின்னா ஓரளவு சொல்லலாம். மெல்லுறதுக்கு அவ்வளவு தெளிவா யாருக்கும் தெரியாது. அதுவா இருக்கலாம். ஆறு மாசம் ஆடுன கால், அதனாலயும் இருக்கலாம்.”

இந்தப் பதிலை இத்தனை வருஷமாகக் கையில் வைத்திருக்கிறேன். எந்தப் பக்கமும் சாயாது.

அவளிடமும் நான்தான் சொன்னேன். நான் கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் எழுதிவிட்டேன் என்றேன். மூன்று மாதம் வீணாகப் போயிருக்கலாம் என்றும் சொன்னேன். அவள் வாயில் ஒன்றும் இல்லாமல், உதடு காய்ந்து கிடந்தாள்.

“கேட்டா சொல்லிருப்பேனே அண்ணாச்சி.”

“பொம்பளைன்னு பாத்தேன்.”

“பொம்பளை வாயும் வாய்தானே.”

அதற்குமேல் திட்டவில்லை. “ஆனிக்கு இன்னும் எத்தனை நாள் கெடக்கு?” என்று கேட்டாள். விரல் விட்டுச் சொன்னேன். தலையணைக்கடியில் கடைசிக்கென்று வைத்திருந்த பொயிலைத் துண்டை எடுத்து என் கையில் வைத்தாள். “நீங்க வாங்கினது. நீங்களே கொண்டுபோங்க.”

சித்திரையில் இரண்டாவது ஊசி, புதுக் கட்டு. அதன் பிறகு அவள் ஒரு துண்டு கூட வாயில் வைக்கவில்லை. மண்டை வெடிக்கிறது என்று சுவரில் நெற்றியை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பேச்சு நின்றுவிட்டது. என் நோட்டில் அந்த இரண்டு மாதத்துக்கு அவளுடைய சொல் ஒன்றும் இல்லை. மகள் பதினொன்றாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு லீவுக்கு வந்து, அம்மாவோடு வார்டில் கிடந்தாள். அடுத்த வருஷப் பாடப் புத்தகத்தை யாரிடமோ கடன் வாங்கி, இப்போதே படித்துக்கொண்டிருந்தாள்.

ஆனி எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தது. முதலில் பார்த்தது நான். சின்ன டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, “ஏறுதுண்ணே” என்றார்.

“மலை ஏறலாமா சார்?”

“எங்க? ஊனவே கூடாது. இன்னும் மூணு மாசம் ஆகும்.”

நான் போய்ச் சொன்னபோது மகளும் அங்கேதான் இருந்தாள். ஒட்டத் தொடங்கிவிட்டது என்றேன். இன்னும் மூன்று மாதம் என்றேன். அம்மா மகளைப் பார்க்கவில்லை. மகள்தான் பேசினாள்.

“போன வாரமே தோட்டத்துலருந்து ஆள் விட்டுக் கேட்டாங்க மாமா. எம் பேரு பதிஞ்சாச்சு. திங்கக்கிழமை வரச் சொல்லுதாங்க.”

என்ன படிக்கிறாய் என்று கேட்கிறவர்களிடம் பதில் சொல்கிற மாதிரியே சொன்னாள். கடன் வாங்கின புத்தகத்தை என்னிடம் கொடுத்து, ஹாஸ்டலில் வார்டன் அம்மாவிடம் சேர்த்துவிட முடியுமா என்று கேட்டாள். சரி என்றேன். அன்று சாயங்காலமே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். “பிள்ளை வரலையா?” என்று வார்டன் அம்மா கேட்டார்கள். வரவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

புரட்டாசியில் மாவுக்கட்டை வெட்டி எடுத்தேன். கால் சூம்பி, தோல் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. சின்ன டாக்டர் பிடித்து அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. ஒட்டிவிட்டது. ஊன்றி நிற்கச் சொன்னார். அவள் ஒரு கையால் என் தோளையும் மறுகையால் மகளையும் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக ஒருநாள் லீவு போட்டு வந்திருந்தாள். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கொழுந்துக் கறை கறுப்பாக இருந்தது. சோப்புக்குப் போகாதாம்.

“நீ இனிமே படிக்கப் போகலாம்லா?” என்று கேட்டேன்.

“அம்மாவுக்குச் சரிவுல நிக்கக் கொஞ்ச நாள் ஆகும்லா மாமா. பாப்போம்.”

வெட்டிப் போட்ட மாவுக்கட்டில் மகள் போட்ட பேனாக் கோடுகள் சித்திரையிலிருந்து வைகாசி முடிய இருந்தன. அதற்குப் பிறகு கோடு இல்லை. துண்டுகளைக் கூட்டி அள்ளி வெளியே கொட்டினேன். அம்மா போகும்போது, “வாரேன் அண்ணாச்சி” என்றாள். வாயில் வெற்றிலை இல்லை.

சின்ன டாக்டர் படிப்பை முடித்துக்கொண்டு போய்விட்டார். அவருடைய ஆராய்ச்சிப் புத்தகத்தில் அவள் இல்லை. திரும்பக் கேட்க ஆள் கிடைக்காமல், பெண்களில் பாதிப் பேர் இல்லை என்று கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு நான் எல்லாப் பெண்களிடமும் கேட்டேன். கல்யாணமாகாதவளிடமும் கேட்டேன், வாத்தியாரம்மாவிடமும் கேட்டேன், கோயில் குருக்கள் வீட்டு அம்மாளிடமும் கேட்டேன். “பொம்பளைகிட்டக் கேக்கிற கேள்வியாவே இது?” என்று ஒருத்தியின் அண்ணன் என் சட்டையைப் பிடித்துவிட்டான். பிடிக்கட்டும் என்று நின்றேன். அவன் கையை எடுத்த பிறகு அவளைப் பார்த்து, பொயிலை உண்டா அம்மா, இல்லையா என்று மறுபடியும் கேட்டேன்.

அவள் அண்ணனைப் பார்த்தாள். அப்புறம் பைய, உண்டு என்று தலையை ஆட்டினாள். எழுதிக்கொண்டேன்.