நல்லரத்தினம் நிறுத்திய காப்புறுதி

சித்தாண்டியில் நல்லரத்தினத்தை அறியாத ஆள் இல்லை. படிப்பு எட்டாம் வகுப்பு, தொழில் வேளாண்மை, சொந்தமாக நாலு ஏக்கர். ஆனால் எதை வாங்கினாலும் நாளைக்கு அது என்ன விலை போகும் என்று யோசித்துத்தான் வாங்குவார். மாட்டுக்கன்றும் அப்படித்தான், மனைவிக்கு வாங்கிய காப்பும் அப்படித்தான். சந்தைக்குப் போகிறவர்கள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள். கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

நான் காப்புறுதி முகவர். ஏறாவூரிலிருந்து ஓட்டமாவடி வரைக்கும் ஸ்கூட்டியில் திரிகிறவள். வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம். அவருடைய மனைவி கேதீஸ்வரி என்னோடு படித்தவள். அந்த உரிமையில்தான் 2012இல் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

அப்போது அவர்களுடைய ஒரே மகளுக்கு ஆறு வயது. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை பிறந்தால் தகப்பன் தலையில் ஒரு வீடும் சேர்ந்து ஏறிவிடும். கல்யாணத்துக்கு முன் மகள் பேரில் வீடு கட்டி எழுத வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் குடிவருவார். வீடு இல்லாவிட்டால் சம்பந்தம் பேச வருகிறவர்கள் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நல்லரத்தினம் அண்ணனுக்கு அந்த ஒரு கவலைதான் இருந்தது.

காப்புறுதி என்ற சொல்லை நான் வீடுகளில் எடுப்பதே இல்லை, சேமிப்பு என்பேன். ஆள் செத்தால் மட்டும் காசு தருகிற மலிவான திட்டமும் எங்களிடம் இருந்தது. அதை யாரும் தொடமாட்டார்கள். சாகாமல் இருந்தால் கட்டின காசு வீண்தானே என்று என்னையே மடக்குவார்கள். எல்லாருக்கும் வேண்டியது ஒன்றுதான்: போட்டது எப்போது திரும்பி வரும், எவ்வளவாக வரும்?

“பதினஞ்சு வருசத்துல பத்து லட்சமும் மேலதிகமும் வரும் அண்ணன். மகள்ட வீடு முடிஞ்ச மாதிரித்தான். இடையில உங்களுக்கு ஏதும் நடந்தா…”

“அந்தக் கதைய விடு புள்ள. வெள்ளிக்கிழமையும் அதுவுமா.”

விட்டேன். அன்றைக்கு விட்டது சரி. அடுத்த பத்து வருசத்தில் ஒரு செவ்வாயோ புதனோ பார்த்து, இடையில் ஆள் செத்தாலும் காசு வரும் என்ற அந்தக் கதையைத் திரும்ப எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. பெரும்போகம் அறுத்து, சூடு அடித்து நெல் விற்றதும் அந்த வருசக் காசை மொத்தமாகத் தந்துவிடுவார். நான் பற்றுச்சீட்டைக் கொடுத்து, கேதீஸ்வரி தரும் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

2022இல் உரம் கிடைக்காமல் விளைச்சல் பாதியாகப் போனது. சாமான்களின் விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. சந்தித் தேத்தண்ணீர்க் கடையில் என்னைக் கண்டதும் அண்ணன் பிடித்துக்கொண்டார்.

“உன்ட பத்து லட்சம் வாற நேரம் அதுல ஒரு கக்கூசும் கட்ட ஏலாது. காசு கரையிற இடத்துக்கு ஆள் பிடிச்சிக் குடுக்கிறாய், என்ன?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது. பத்து வருசம் மழையிலும் வெயிலிலும் அவர் வீட்டுப் படலைக்குப் போய் வந்தவள் நான். அடுத்த நாள் காலையிலேயே காப்புறுதியை முறிக்கிற படிவத்தோடு போனேன்.

“கையெழுத்து வைங்க அண்ணன். உங்கட காசு, நீங்களே வெச்சி வீட்டக் கட்டுங்க.”

முறிக்காமலே அதன் மேல் கடன் எடுக்கலாம் என்று எனக்குத் தெரியும். காசு கட்டுவதை நிறுத்திவிட்டுக் குறைந்த தொகைக்கு அதை வைத்திருக்கலாம் என்பதும் தெரியும். சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்து ஊரையே சிரிக்க வைத்தார் அல்லவா, பட்டுத் தெளியட்டும் என்று இருந்துவிட்டேன்.

கட்டியதைவிடக் குறைவாகத்தான் வந்தது. அந்தக் கிழமையே ஓட்டமாவடியில் சீமெந்தும் கல்லும் வாங்கி, கேதீஸ்வரியின் வளவில் மகளுக்கு அத்திவாரம் போட்டார். இரண்டு மாதத்தில் சீமெந்து விலை எங்கேயோ போய்விட்டது.

“பாத்தியா புள்ள, ஆரு சரி?” என்று வேலிக்கு மேலால் கேட்டார். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்திருந்தது. அந்த விசயத்தில் அவர்தான் சரி. நான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போனேன்.

அடுத்த தையில் வயல் வட்டையெல்லாம் வெள்ளம். வரம்பு கட்டப் போனவருக்குக் காய்ச்சல் வந்தது. பனடோல் போட்டுக்கொண்டு மூன்று நாள் வயலுக்குப் போனார். நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தைத் தின்றிருந்தது. ஐம்பத்தொரு வயது.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, கேதீஸ்வரி என்னைத் தனியே கூப்பிட்டாள்.

“அத நிப்பாட்டாம இருந்திருந்தா இப்ப ஏதும் கிடைச்சிருக்குமா?”

அவளுடைய முகத்தைப் பார்த்து எனக்கு உண்மை வரவில்லை. “இல்லகா. முடியிற வருசத்துக்கு முதல் ஒண்டும் வராது” என்றேன்.

“அப்ப அவரு செஞ்சது சரிதான்” என்றாள். அன்றைக்குத்தான் அவள் கொஞ்சம் சாப்பிட்டாள். நானும் அவளுக்கு நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டேன்.

ஒரு வருசம் கழித்து, புருசன் பேரில் என்னிடம் காப்புறுதி எடுத்திருந்த புனிதமலர் என் வீட்டுக்குக் கோப்போடு வந்தாள். அவள் புருசன் வாவியில் தோணி வலிக்கிறவன், மூன்று சின்னப் பிள்ளைகள்.

“இத நிப்பாட்டித் தாங்க அக்கா. முடியிறதுக்கு முதல் ஆள் செத்தா ஒரு சதமும் வராதாமே. கேதீஸ் அக்காட்ட நீங்களே சொன்னீங்களாம்.”

இந்தப் பொய் இத்தனை தூரம் நடக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அவளை இருத்தி, முதல் காசு கட்டிய நாளிலிருந்தே உயிருக்குப் பொறுப்பு இருக்கிறது, புருசனுக்கு ஏதும் நடந்தால் முழுத்தொகையும் வரும் என்று விளக்கிச் சொன்னேன். அவள் கோப்பைச் சேலைக்குள் இறுக்கிக்கொண்டு போனாள். அந்தக் கதை கேதீஸ்வரியிடம் போவதற்கு முதல் நான் போக வேண்டும் என்று ஸ்கூட்டியை எடுத்தேன்.

கேதீஸ்வரி கூரையில்லாத சுவரின் மேல் மிளகாய் பரப்பிக்கொண்டு நின்றாள். மகளைக் கேட்டு வந்த ஒரு சம்பந்தம் போன மாதம்தான் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடைப் பேச்சையும், என் கோபத்தையும், மறைத்ததையும் சொன்னேன்.

“எவ்வளவு வந்திருக்கும்?”

“பத்து லட்சத்துக்கு மேல.”

அவள் சுவரைப் பார்த்தாள். “கூரை போட்டிருக்கலாம்” என்றாள். பிறகு, “செத்தாலும் காசு வருமெண்டு தெரிஞ்சிருந்தா அவரு நிப்பாட்டியிருப்பாரா?” என்று கேட்டாள்.

“மாட்டாரு.”

“உனக்கு அண்டைக்கே தெரியும்தானே.”

“ஓம்” என்றேன்.